கடைசி அறைக் கிழவர்

நான் சொல்லப்போகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். மிச்சமிருக்கிற என் தலைமுடியின் மீது ஆணையிட்டுச் சொல்கிறேன், இந்த வயதில் அதைவிட அரிய சொத்து என்னிடம் கிடையாது. டீ நன்றாக இருக்கிறது, ஐயா. போலீஸ் ஸ்டேஷனில் டீ இப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே ஏதாவது செய்திருப்பேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் எங்கே என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் மாப்பிள்ளையின் தொழிலிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

அவர் வீடியோ கேம் செய்கிறவர். பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. அவர், தூங்குமூஞ்சி என்று நாங்கள் கூப்பிடுகிற படம் போடும் நண்பன், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. மொத்தக் கம்பெனியும் என் வீட்டுப் பின்னறைக்குள் அடங்கிவிட்டது. கல்யாணமான புதிதில், "கேம் வெளிய வர்ற வரைக்கும் இங்க இருக்கோம், மாமா. வந்ததும் தனியாப் போயிடறோம்" என்றார். நான் தாராளமாகத் தலையாட்டினேன். என் மனைவி போனபிறகு அந்த வீட்டில் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது அழைப்பு மணி ஒன்றுதான். அதுவும் கரண்ட் இருந்தால்.

விளையாட்டின் பெயர் 'கிளம்பறேன்'. கத்தி, துப்பாக்கி, பேய், பிசாசு எதுவும் இல்லை. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த ஒருவன் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வோர் அறையிலும் ஒருவர் பிடித்துக்கொள்வார். சித்தி ஆல்பத்தை விரித்துவிடுவாள். பெரியப்பா தன் முழங்காலைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். ஒரு வாண்டு செருப்பை ஒளித்து வைக்கும். யார் மனமும் நோகாமல் நழுவி நழுவி வாசலுக்கு வரவேண்டும். கடைசி அறையில், கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். புளுகு மூட்டையை அவிழ்ப்பார். அவரிடமிருந்து தப்பித்தால் தெரு.

"எல்லாம் சரி மாப்பிள்ளை, இந்தக் கிழவர் மட்டும் நம்பற மாதிரி இல்லை. நிஜத்துல இப்படி ஒரு அறுவை இருக்க மாட்டான்" என்றேன்.

மாப்பிள்ளைக்குப் புரையேறியது. தூங்குமூஞ்சி முதல் முறையாக இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்தான்.

"அவர் போட்டிருக்கற சட்டையைப் பாருங்கப்பா" என்றாள் மகள்.

"நல்ல சட்டைம்மா. என்கிட்டகூட ஒண்ணு இருக்கு."

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, ஐயா. விளையாட்டை வெளியிடுமுன் அதைப்பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து விளையாடச் சொல்வார்கள். செய்தவர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். வாய் திறக்கக் கூடாது, வழி காட்டக் கூடாது. ஆடுகிறவர் எங்கே முழிக்கிறாரோ அங்கே தப்பு விளையாட்டுடையது, ஆடுகிறவருடையது அல்ல. 'ஒன்றும் தெரியாதவர்' என்றதும் வீட்டில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமனாருக்குப் பின்னால் மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும் என்று சட்டம் இருக்கிற ஒரே தொழில் இதுவாகத்தான் இருக்கும். யார் கண்டுபிடித்தார்களோ, நன்றாக இருக்கட்டும்.

முதல் நாள் சித்தியைத் தாண்டினேன், பெரியப்பாவைத் தாண்டினேன், செருப்பையும் கண்டுபிடித்தேன். கடைசி அறைக்கு வந்ததும் கிழவர் எதிரே உட்கார்ந்துவிட்டேன். மழைக்காற்றில் ஒருவருடைய குடை அவரைத் தூக்கிக்கொண்டு போய் மேலதிகாரி வீட்டு மொட்டை மாடியில் இறக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அது என் வாழ்க்கையில் அப்படியே நடந்த சம்பவம். மாப்பிள்ளைக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. கதை முடிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. முதலிலிருந்து மறுபடி கேட்டேன்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையும் தூங்குமூஞ்சியும் கூடிப் பேசினார்கள். கதவு கண்ணில் படவில்லை போலும் என்று கதவுக்கு மஞ்சள் வண்ணம் பூசினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். கதவுக்கு மேலே விளக்கு எரிந்தது. உட்கார்ந்தே இருந்தேன். கதையைச் சலிப்பாக மாற்றிப் பார்த்தார்கள். "குடை கதை கெட்டுப்போச்சு, மாப்பிள்ளை" என்று நானே சரியாகச் சொல்லிக்காட்டினேன். அதைப் பதிவுசெய்து கிழவருக்கே என் குரலைக் கொடுத்துவிட்டார்கள். நல்ல குரல் என்று வெளியாட்கள் சொல்வார்கள். அதன்பிறகு வாரம் ஒரு கதை கொடுத்தேன். வாரம் ஒரு கதை என்றால் வாரம் ஒரு திருத்தம். திருத்தம் முடியாமல் விளையாட்டு வெளியே போகாது. விளையாட்டு போகாமல் அவர்கள் போக முடியாது.

உங்களிடம் மறைப்பானேன். அந்தக் கதவு எங்கே இருக்கிறது, எந்தப் பட்டனை அழுத்தினால் திறக்கும் என்பதெல்லாம் எனக்கு முதல் நாளே தெரியும். அவர்கள் வெளியே போயிருந்த மத்தியான வேளைகளில் நான் தனியாக உட்கார்ந்து விளையாட்டை முழுசாக முடித்திருக்கிறேன். தெருவைப் பார்த்திருக்கிறேன். ஒரு மரம், ஒரு நாய், நல்ல வெயில். தூங்குமூஞ்சி அழகாகத்தான் போட்டிருந்தான். பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

சின்னக் கம்பெனிகளின் புது விளையாட்டுகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடக்கும். அது வந்து போயிற்று. அடுத்ததும் போயிற்று. ஒருநாள் தூங்குமூஞ்சி பையை மாட்டிக்கொண்டு என் முன்னால் நின்றான். "அங்கிள், வேற வேலை கிடைச்சிருக்கு. கிளம்பறேன்" என்றான். "உட்காருப்பா, ஒரு டீ குடிச்சிட்டுப் போ" என்றேன். அவன் உட்காரவில்லை. படம் போட்டவன் அல்லவா, விளையாட்டு அத்துப்படி.

மகளுக்கு வேறு ஊரில் உத்தியோகம் வந்தது. சேரச் சொல்லி இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரே ஒரு தடவை அந்தக் கதவைத் திறந்து வெளிய போங்கப்பா. அவர் தூங்கறதே இல்லை. எங்கயோ தப்பு பண்ணிட்டேன், எங்கன்னு தெரியலைன்னு தன்னையே திட்டிக்கறாரு."

"கதை பாதியில நிக்குதேம்மா."

"அது என்னைக்குப்பா முடிஞ்சிருக்கு?"

எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. தண்ணீரை வீணாக்குகிற பெண்ணில்லை அவள்.

மறுநாள் மாப்பிள்ளை எனக்குப் பின்னால் உட்காராமல் முன்னால் வந்து உட்கார்ந்தார். "இருக்கற மாதிரியே வெளியிட்டுடறேன், மாமா. நாளைக்குக் காலைல கிளம்பறோம்" என்றார். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், என்னைவிடக் கிழவராகத் தெரிந்தார். நல்லது என்றேன். சாப்பாடானதும் இருவரும் பின்னறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் கதவைச் சாத்தினேன். நாதாங்கியில் பூட்டை மாட்டினேன். சாவியை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டேன். கோபம் எதுவும் இல்லை, ஐயா. மழை வருகிறதென்று ஜன்னலைச் சாத்துவோமே, அந்த மாதிரி.

"அப்பா, கதவைத் திறங்க."

"மாமா, விளையாடாதீங்க."

"நான் எங்க மாப்பிள்ளை விளையாடறேன்? இத்தனை நாள் விளையாடச் சொன்னது நீங்கதானே" என்றேன்.

நாற்காலியை இழுத்துக் கதவோரம் போட்டு உட்கார்ந்தேன். தட்டினார்கள். கத்தினார்கள். மகள் என் பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டாள், அது மட்டும் கொஞ்சம் வருத்தம். நான் குடை கதையை எடுத்தேன். குடை மேகத்துக்குள் நுழைகிற இடம் வந்தபோது சத்தம் அடங்கிவிட்டது. கதைக்குள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அடங்கிவிடுவார்கள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு கதை. நடுவில் குறுக்கே பேசுவதில்லை, 'இதை நேத்தே சொன்னீங்க' என்பதில்லை. என் ஆயுளில் அப்படிப்பட்ட கேட்பவர்கள் அமைந்ததில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். சிரித்திருப்பார்கள். மெல்லச் சிரிக்கிற குடும்பம். கூடத்தைப் பார்த்த சின்ன ஜன்னலின் விளிம்பில் சாப்பாட்டுத் தட்டை வைப்பேன். வைத்தது வைத்தபடி இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் உடம்பு இளைக்க வேண்டும் என்று பட்டினி கிடக்கிறார்கள், என்ன சொல்வது. நானே எடுத்துச் சாப்பிட்டுவிடுவேன்.

உங்களிடம் புகார் கொடுத்த மருந்துக்கடைக்காரர் வந்தது அப்போதுதான். மாத்திரை கொடுக்க உள்ளே வந்தவர் கூடத்திலேயே நின்றுவிட்டார்.

"யார்கிட்ட பெரியவரே பேசிக்கிட்டிருக்கீங்க?"

"மகளும் மாப்பிள்ளையும். உள்ள இருக்காங்க. பூட்டி வச்சிருக்கேன்."

அவர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் போனை எடுத்து நீட்டினார். விளையாடிப் பார்க்க வேண்டிய புதிய சிறு விளையாட்டுகள் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதில் 'கிளம்பறேன்' இருந்தது. எனக்குக் கண் சரியாகத் தெரியாது, அவரே படித்தார். 'கடைசி அறைக் கிழவரின் பேச்சை நடுவில் விட்டுப் போக மனம் வராமல் பலரும் தவிக்கிறார்கள். தவிக்க வேண்டாம். சும்மா எழுந்து போகலாம். அவர் கவனிக்க மாட்டார், பேசிக்கொண்டே இருப்பார். இந்த விளையாட்டின் மிகச் சோகமான இடம் அது.'

"பூட்டின ரூமுக்குள்ள இருந்து கேம் எப்படிப் பெரியவரே வெளிய வந்துச்சு?"

"ஒயர் வழியா. உள்ளதான் இன்டர்நெட் இருக்கே" என்றேன். படித்தவர், இதுகூடத் தெரியவில்லை. அதற்குப்போய் உங்களிடம் ஓடிவந்திருக்கிறார்.

ஆக, செய்தது நான்தான். அவர்களுடைய நாட்களைத் திருத்தம் திருத்தமாகத் தின்றதும் நான், கடைசியில் பூட்டியதும் நான். மறுக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். இந்தாருங்கள் சாவி, உங்கள் ஆளிடம் கொடுத்து அனுப்புங்கள். பழைய பூட்டு, சமயத்தில் சாவி திரும்பாது. உடைக்க வேண்டாம். பின்தெரு வழியாகச் சுற்றி வரச் சொல்லுங்கள், அந்த அறைக்கு அங்கேயும் ஒரு கதவு இருக்கிறது, அது திறந்துதான் கிடக்கிறது.