கிழக்கைப் பார்த்த குதிரைகள்

செவ்வாய் மாலை, லிபெர்த்தாவிலிருந்து கபோ பக்கம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில், இத்தாலியர் வீடுகளில் வேலை முடித்து வந்த இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவர் சொன்னார்:

"இண்டைக்கு ஒரு சண்டையிலை செத்த ஆக்களை எல்லாம் எழுப்பி விட்டிட்டன், அக்கா."

"என்னடி கதைக்கிறாய்?"

"வீட்டுக்காரச் சின்யோராவின்ரை புருசன் மேசையிலை ஈயப் பொம்மைக் குதிரைப்படை அடுக்கி வைச்சிருக்கிறார். நெப்போலியன் காலத்திலை நடந்த சின்னச் சண்டையாம். அரைவாசிக் குதிரையள் சரிஞ்சு கிடந்துது. பூனை தட்டிப்போட்டுதெண்டு நினைச்சு, எல்லாத்தையும் நிமித்தி, சாமிப்படம் மாதிரிக் கிழக்கைப் பார்க்க வைச்சன்."

"ரெண்டு பக்கத்துப் படையையுமோ?"

"ஓம். ஒரே வரிசையிலை."

"அப்ப சண்டையும் முடிஞ்சுது, உன்ரை வேலையும் முடிஞ்சுது. இஞ்சை இருக்கிற பெர்மெஸோ விசாவைப் புதுப்பிக்க அந்தாளெல்லோ வேலைக் கடிதத்திலை கையெழுத்து வைக்கோணும்?"

"வைப்பார்."

"கத்தேல்லையோ?"

"முகம் சிவந்திட்டுது. விழுந்து கிடந்தது எல்லாம் செத்ததாம், திருப்பிப் படுக்க வையெண்டார். வன்னிச் சண்டையிலை பார்த்தது காணும், நான் ஒண்டையும் படுக்க வைக்கமாட்டன், நீங்களே வையுங்கோ எண்டன்."

மூத்தவர் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். "பிறகு?"

"தானே ஒவ்வொண்டாய்ப் படுக்க வைச்சார். கடைசிக் குதிரையைக் கனநேரம் கையிலை வைச்சிருந்திட்டு, நிமித்தியே வைச்சார். நாளைக்குக் கடிதத்தைக் கொண்டு வா எண்டார்."

"அந்தக் குதிரையை எந்தப் பக்கம் பார்க்க வைச்சவர்?"

"கிழக்கை."