லீவு லெட்டரில் பாலைவனம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், ஆவடி ரயில் நிலைய முன்பதிவு வரிசையில் எனக்கு முன்னால் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பேர் நின்றார்கள். உயரமானவர் ஜெய்சால்மருக்குப் படிவம் நிரப்பி வைத்திருந்தார். குள்ளமானவர் கேட்ட கேள்வியில் நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

"லீவு லெட்டர்ல பாலைவனத்துல சைக்கிள் ஓட்டப் போறேன்னா எழுதுவ, மச்சான்?"

"அதுக்குத்தானே போறேன்."

"மலையில ஓட்ற கியர் சைக்கிளை வாங்கினு மணல்ல ஓட்டப் போற. நூம்பல் ரோட்லயே ரெண்டு வாட்டி வுயுந்த."

"வுயுந்தவன் எய்ந்துட்டேன் இல்ல? சாக்கு சுத்தி பார்சல்ல போடறேன். அங்க எறக்கி மூணு நாளு மணல் மேட்டுல ஓட்டறேன்."

"ஃபோர்மேன் இன்னா சொன்னாரு?"

"லெட்டரைத் திருப்பிக் குடுத்துட்டாரு. மச்சினி கல்யாணம்னு எழுதினு வந்தா கையெழுத்துப் போடுவாராம்."

"எழுதிட்டுப் போயேன். நான் நாலு வாட்டி எழுதிக்கீறேன்."

"எனக்கு மச்சினியே இல்லடா."

"எனக்கும்தான் இல்ல. அது அவருக்கும் தெரியும்."

முப்பது ஆண்டுகள் விடுப்புக் கடிதங்களைப் பரிசீலித்தவன் நான். உண்மைக் காரணம் எழுதிய கடிதம் ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

"லீவு இல்லாம போனா மெமோ வரும், மச்சான். வேலையே பூடும்."

"வரட்டும். வெளக்கம் கேப்பாங்க இல்ல, அதுலயும் இதையேதான் எழுதுவேன்."

அவர்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"திரும்பி வர டிக்கெட்டும் போடணுமா?"

"போடுங்க சார்," என்றார் உயரமானவர். "வந்து மெமோ வாங்கணும்."