காதுக்குக் கால் சுற்று

என் கையெழுத்து நன்றாக இருக்கும். நீங்கள் தட்டச்சு செய்வதைப் பார்க்கும்போது, என்னிடமே ஒரு பேனாவைக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றுகிறது. பரவாயில்லை. என் வீட்டுச் சமையலறைச் சுவரில் இருந்த பெட்டியைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

இருபத்திரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவன் நான். என் மேசையைத் தாண்டிப் போன எந்தத் தாளும் பிழையென்று திரும்பி வந்ததில்லை. என் மனைவியின் தம்பி நல்ல வேலையை உதறிவிட்டு நச்சுவாயு எச்சரிக்கைப் பெட்டி செய்யப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றபோது, வீட்டில் எல்லாரும் அவனை 'விஞ்ஞானி' என்று கிண்டல் செய்தார்கள். நான் செய்யவில்லை. அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. அடுப்போ கொதிகலனோ சரியாக எரியாவிட்டால் ஒரு வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை வலிக்கிறதே என்று படுப்பவர் பிறகு எழுந்திருக்க மாட்டார். அதைக் கண்டுபிடிக்கும் பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் ஈரமும் ஆவியும் உள்ள இடத்தில் அவை குழம்பிப் போகும். இவனுடைய பெட்டி குழம்பாது.

ஏழு வருடம் அதோடு கிடந்தான். வாடகைப் பட்டறை, இரண்டு மேசை, அவன், நான். அவன் செய்வான், நான் எழுதுவேன். சிறு நிறுவனங்களின் புதுக் கண்டுபிடிப்புகளுக்கு அரசாங்கம் கொடுக்கிறதே ஆய்வு நிதி, அதன் முதல் கட்டம் எங்களுக்குக் கிடைத்ததற்குப் பெட்டி பாதிக் காரணம் என்றால் என் படிவம் மீதிக் காரணம். இதை அவனே சொல்வான்.

பெட்டிக்குள் ஒரு சின்னத் திருகு உண்டு. அதற்கு அவன் வைத்த பெயர் காது. இடப்பக்கம் திருப்பினால் காது கூர்மையாகும், துளி வாயு வந்தாலே கத்தும். வலப்பக்கம் திருப்பினால் மந்தமாகும். சரியான இடத்தில் நிறுத்தி, மேலே தன் அக்காவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிடுவான். பொட்டு உடைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"காதத் திருகுற உரிமை எனக்கு மட்டுந்தான் அத்தான்," என்று சிரிப்பான்.

இரண்டாம் கட்ட நிதிக்கு நிபந்தனை இதுதான். பத்து இடங்களில் பத்துப் பெட்டிகள், முப்பது நாள். தினமும் அந்த இடத்துக்காரர் பதிவேட்டில் ஒரு வரிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டி காரணமில்லாமல் கத்தினால், 'தவறான எச்சரிக்கை' என்ற கட்டத்தில் குறித்துவிட்டு முதல் நாளிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். காரணத்தோடு கத்தினால், 'உண்மையான எச்சரிக்கை' என்ற கட்டம். அதற்குக் கொதிகலன் ஆய்வாளரின் சான்றிதழ் வேண்டும். அவர் வந்து பார்க்க மூன்று வாரம் ஆகும். அதுவரை நாள் கணக்கு நின்றுவிடும். கடைசித் தேதியில் மட்டும் ஒரு நாள் கூட்டித் தரமாட்டார்கள். படிவத்தை வகுத்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்தால் விண்ணப்பம் தோற்கும் என்பதை யோசிக்கவில்லை.

அந்தப் பத்து இடங்களில் ஒன்று சலவைக்கடை. கடைக்கார அம்மா, இஸ்திரி போடும் அவர் கணவர், துணி மடிக்கும் அவருடைய நாத்தனார். மூன்று பேரும் நாள் முழுக்க அந்த ஒரே அறையில்தான். துணி உலர்த்தும் இயந்திரம் எரிவாயுவில் ஓடும். எங்களுக்கு மிகவும் வேண்டிய இடம் அது, ஏனென்றால் அவ்வளவு ஆவி வேறெங்கும் கிடையாது. அந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். நான் போனால் சட்டைக் காலரைப் பார்த்துவிட்டு, "கழட்டிக் குடுங்க சார், பத்து நிமிஷத்துல வெளுத்துத் தர்றேன், மானம் போகுது," என்பார்.

இருபத்திரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், உங்க பெட்டி காதக் கிழிக்குது. சீக்கிரம் வாங்க."

விஞ்ஞானி வேறோர் இடத்தில் இருந்தான். நான் மட்டும் போனேன். அது அடைமழைக் காலம். நனைந்த துணி மலையாகக் குவிந்து இயந்திரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. சாரல் அடிக்கிறதென்று சன்னலெல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் என் நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. இயந்திரத்தின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீலமாக இருக்க வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தது. மஞ்சள் என்றால் என்னவென்று எனக்கு மைத்துனன் நூறு தடவை சொல்லியிருக்கிறான்.

கதவைத் திறந்து பிடித்தேன். சிறிது நேரத்தில் பெட்டி ஓய்ந்தது. வாசலில் நின்று யோசித்தேன். இன்னும் எட்டு நாள். எட்டாம் நாள்தான் கடைசித் தேதி. எந்தக் கட்டத்தில் எழுதினாலும் ஏழு வருடம் தண்ணீரில் போகும். இந்தப் பெட்டி வந்தால் எத்தனை ஆயிரம் வீடுகளில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பதையும் நினைத்தேன். அதை நான் உண்மையாகவே நினைத்தேன், இப்போது சொல்வதற்காகச் சொல்லவில்லை.

மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தது. 'பயனர் சோதனை'. பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினாலும் பெட்டி கத்தும். அதற்குச் சான்றிதழ் தேவையில்லை, நாள் கணக்கும் நிற்காது.

"அம்மா, அந்தப் பொத்தான ஒரு தடவ அமுக்குங்க," என்றேன்.

"எதுக்கு சார்?"

"சும்மா, வேலை செய்யுதான்னு பாக்கத்தான்."

அழுத்தினார். கத்தியது. 'முற்பகல், பயனர் சோதனைப் பொத்தானை அழுத்தினார், பெட்டி ஒலித்தது' என்று எழுதினேன். நடந்ததைத்தான் எழுதினேன். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு பெட்டியைக் கழற்றி, பொட்டைச் சுரண்டி எடுத்து, காதுக்கு வலப்பக்கமாகக் கால் சுற்றுக் கொடுத்தேன். மாட்டுவதற்குக் கொண்டுபோகும் திருப்புளி பையிலேயே இருந்தது. சிவப்புப் பூச்சு மட்டும் இல்லை. நாத்தனாரின் நகத்தைப் பார்த்தேன், அதே சிவப்பு. கேட்டேன். இஸ்திரி மேசைக்கு அடியிலிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டு, "சாருக்கு எந்த விரலுக்கு வேணும்?" என்று கேட்டது அந்தப் பெண். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன்பின் தினமும் நானே போனேன். கண்ணும் கருத்துமாக ஒவ்வொரு வரியையும் வாங்கினேன். பெட்டி வாயைத் திறக்கவில்லை. இருபத்தாறாம் நாள் அந்த அம்மா தலையில் துணி கட்டியிருந்தார். "மழைக்குத் தலை பாரமா இருக்கு சார்," என்றார். சன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள் என்று சொன்னேன். "மடிச்ச துணியெல்லாம் நனைஞ்சுடுமே, அப்பறம் உங்க காலர வெளுக்கறதா, இதையெல்லாம் வெளுக்கறதா?" என்றார். நான் சொல்லாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

முப்பதாம் நாள் காலை பத்து மணிக்குக் கடைசிக் கையெழுத்துக்குப் போனேன். கணவர் துணி மூட்டையின் மேல் சாய்ந்து கிடந்தார், காலையில் வாந்தி எடுத்தாராம். நாத்தனாரின் முகம் சிவந்திருந்தது. அந்த அம்மாவால் பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. கையெழுத்து வரியை விட்டு இறங்கி அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது. அப்படிக் கொடுத்தால் கேள்வி வரும். வேறு தாளில் அந்த வரியைத் திரும்ப எழுதி, அவர் மணிக்கட்டை லேசாகப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது தடவை அழகாக வந்தது.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுதும்மா. இனிமே உங்கள தொந்தரவு பண்ண மாட்டேன்."

பன்னிரண்டு மணிக்கு விண்ணப்பத்தைச் சேர்த்துவிட்டு ரசீது வாங்கினேன். நான்கு மணிக்குக் கோட்டு வாங்கிப்போக வந்த ஒருவர் கடைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். மூன்று பேரும் உள்ளேதான் இருந்தார்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மீதி உங்கள் கோப்பில் இருக்கிறது.

சலவைக்கடைப் பெட்டியை உங்கள் ஆட்கள் திறந்தபோது மைத்துனனும் இருந்தான். பொட்டு உடையாமல் இருப்பதைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "காது கேக்கல அத்தான். மூணு உசிரு. நான் செஞ்சதுக்குக் காது கேக்கல," என்றான். தோளில் தட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, அக்காவிடமும் பேசுவதில்லை. உங்களிடமும் குற்றம் தன்னுடையது என்றே எழுதிக் கொடுத்திருக்கிறான். ஆனாலும் அந்தச் சமயத்தில் நான் என்ன சொன்னாலும் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்காது.

இப்போது என் வீட்டுப் பெட்டி. அது பத்தில் சேராத பதினொன்றாவது. மற்றப் பெட்டிகளையெல்லாம் சேகரிக்கும்போது உங்கள் ஆட்கள் அதையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அதன் காது இடப்பக்கம் கால் சுற்றுக் கூடுதலாகத் திருப்பியிருந்தது, பொட்டும் இல்லை. எப்போது திருப்பினேன் என்று கேட்டீர்கள். இருபத்திரண்டாம் நாள் பகலில். சலவைக்கடையிலிருந்து நேராக வீட்டுக்குத்தான் போனேன். தலைவலி இன்னும் விட்டிருக்கவில்லை. என் மனைவி சமைத்துக்கொண்டிருந்தாள், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பாதுகாப்புக்கு என்றேன். பொட்டுத் திரும்ப வைக்கவில்லை. வீட்டில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆக, அந்த அறையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். திருகைத் திருப்புவதற்கு முன்பே தெரியும். மைத்துனனுக்குத் தெரியாது. அவனை விட்டுவிடுங்கள்.

படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். கடைசிப் பத்தியில், 'எனது கவனக்குறைவால் மூவர் இறக்க நேர்ந்தது' என்று தட்டச்சு செய்திருக்கிறீர்கள். 'கவனக்குறைவால்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். என் வேலையில் அந்தக் குறையை யாரும் சொன்னதில்லை.