மிளகு மெசினும் ரெண்டு கட்டமும்

— செல்லச்சாமி அண்ணன் வெளிய வரவே மாட்டாராமா, இரத்தினம்மாக்கா? கண்டி ஒபிஸிலேருந்து பஹ்மி வந்தீக்கிறன்டு சொன்னீங்களா?

— சொல்லிட்டேன் சார். உள்ளதான் இருக்காரு. உங்க கொரலும் கேக்கும். கதவத் தெறக்க மாட்டேங்கிறாரு.

— கோவம் வரத்தான் செய்யும், பிழை என்னிலதான். புது மெசின் செய்ற சின்னப் பட்டறைகளுக்கு அரசாங்க உதவின்டு சொன்னதும், இந்த கெலிஓயாவில அவர் ஒத்தர்தான் மனுப் போட்டாரு. நான் அவர்ட மொளகு உதிர்க்கிற மெசின் பாக்க வந்த நாள்...

— ஆயுத பூச.

— ஓ. மெசினுக்குச் சந்தனம், குங்குமம், மால.

— நாந்தான் சார் பாவி. "இன்னிக்கு அது சாமி, சுவிச்சுல கைய வைக்காதீங்க"ன்னு நாந்தான் மறிச்சேன். "ஒரு நிமிசம்தான் புள்ள"ன்னு கெஞ்சினாரு. நான் விடல. நாளைக்கு வாங்க சார்னு உங்க கையில கடலைய அள்ளி வச்சேன். பிள்ளையார் புடிக்கப் போயி கொரங்கா முடிஞ்சுபோச்சு.

— நானும் அந்தக் கடலையத் தின்ட தானே அக்கா. தின்டுபோட்டு, நான் நெரப்ப வேண்டிய பாரத்தப் பாத்தா ரெண்டே கட்டம். 'ஓடுது', 'ஓடல்ல'. 'இண்டைக்குப் பூசை'ன்டு எழுத எடமில்ல. அண்டைக்குத்தான் கடைசி நாள். 'ஓடல்ல'யில சரி போட்டுட்டன்.

— உதவி இல்லன்னு அந்தக் கடுதாசி வந்ததுலேருந்து மனுசன் மனுசனா இல்ல சார். விடிஞ்சா மெசினப் போடுவாரு. பாண் ரொட்டி விக்கிறவன், தபால்காரன், ரோட்டுல போறவன் எல்லாத்தையும் கூட்டியாந்து நிறுத்தி, "ஓடுதா இல்லியா, நீ சொல்லு"ம்பாரு. மொளகு தீந்துபோனா வெறும் மெசின ஓட்டிக்கிட்டு நிப்பாரு.

— போதும் அக்கா, கேக்க ஏலா. ஒபிஸில சண்ட புடிச்சி, ரெண்டாந்தரம் பாக்க அனுமதி எடுத்தீக்கிறன். இப்ப ஓடினா உதவி கட்டாயம் கெடைக்கும். பன்வில பக்கத்து மொளகுத் தோட்டத்துப் பொம்பளயள் இனிக் காலால மொளகுக் கதிர் மிதிக்கத் தேவல்ல. வந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.

— நானே ஓட்டுறேன் சார்.

— நீங்களா? வேற ஒத்தரையும் தொட உடமாட்டாரே!

— இப்பெல்லாம் நாந்தான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க... பாத்தீங்களா? மொளகு மணி இந்தப் பக்கம், காம்பு அந்தப் பக்கம்.

— அல்லாவே! ஒரு மணி ஒடயல்ல! அண்ணே, கேக்குதா? ஓடுது! இந்தா, 'ஓடுது' கட்டத்தில சரி போட்டாச்சி. இனி அவர்ட கையெழுத்து மட்டும்தான். கதவத் தட்டுங்க அக்கா, பேனையக் குடுப்பம்.

— யாரோ ஒருத்தனுக்கு ஓட்டிக் காட்டுறப்பதான் சார், போன மாசம், அவரு வலது கைய மெசின் உள்ள இழுத்துக்கிருச்சு... இடது கைப் பெருவெரல் ரேக வைக்கிறதுக்கு அந்தப் பாரத்துல கட்டம் இருக்கான்னு பாருங்க.