சலைன் மணி

…இல்லண்ணே, நீங்களே சொல்லுங்க, டாக்டருக்குப் படிக்கிற புள்ள கையில ஸ்குரூடிரைவர் எதுக்கு? புண்ணுக்குத் தையல் போடச் சொல்லிக் குடுங்க, சரி. ஈயம் பத்தவைக்கவா சொல்லிக் குடுப்பாங்க? இந்த அறுபத்தாறாம் வருஷம் பொறந்ததும் பொறந்துச்சு, எங்க காலேஜுல தெனம் இதே கூத்துதான் லா. இனிமே டாக்டருங்களே ஆஸ்பத்திரிச் சாமான் செய்யணுமாம். சொல்லிக் குடுக்குறது யாரு? ஒர்க்‌ஷாப் வேலாயுதம். நாந்தான்.

பஸ்ஸு குலுங்குது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இந்தச் சாப்பாட்டுக் கேரியர மடியில வச்சுக்கிறேன்.

உம்மு சல்மான்னு ஒரு புள்ள படிக்குது. கெட்டிக்காரி. சலைன் பாட்டில் மாட்ட ஒரு ஸ்பிரிங் கொக்கி செஞ்சிருக்கு. மருந்து எறங்க எறங்க பாட்டில் எடை கொறையும், கொக்கி மேல ஏறும், காலியாகுற நேரத்துல மணி அடிக்கும். நர்ஸு ஓடி வரலாம். நல்ல யோசனதான், நான் இல்லேங்கல.

இன்னிக்குப் பரீட்சை. ரெண்டு மணிக்குப் பெரிய டாக்டருங்க முன்னாடி மாட்டுனா, பாதி பாட்டில் இருக்கும்போதே கணகணன்னு அடிக்குது, நிக்கவே மாட்டேங்குது. எனக்குச் சிரிப்பு வேற, அடக்க முடியல. அந்தப் புள்ள அழுதுருச்சுண்ணே. நாலு மணிக்குள்ள சரி பண்ணாட்டி ஃபெயிலாம், ஒரு வருஷம் போச்சு. ஸ்பிரிங்குதான் மட்டம்னு சொல்லிட்டு, புதுசு வாங்க ஜாலான் புசார் சாமான் கடைக்கு ஓடுறேன்.

நான் வச்ச அளவுல தப்பே வராது. காலி பாட்டிலும் என் காலிக் கேரியரும் ஒரே எடை, ஸ்டோர் தராசுல நானே போட்டுப் பாத்தது. ஒரு பாட்டில் சொட்டி முடியிற வரைக்கும் எவன் காத்துக் கெடப்பான்? இன்னிக்கு மத்தியானம் சாப்பிட்ட கையோட, காலி பாட்டிலுக்குப் பதிலா கேரியரக் கொக்கியில தொங்கவிட்டு, அந்த எடைக்கு மணி அடிக்கிற மாதிரி முடுக்கிட்டேன்.

என்னண்ணே தொடையத் தொடைக்கிறீங்க? கொழம்பா? அட, என் கேரியர்தான் ஒழுகுது. மன்னிச்சுக்குங்க. மங்களம், என் சம்சாரம், தெனம் பாகற்காப் புளிக்கொழம்புதான் குடுத்து விடுறா, வாயில வைக்க முடியுதா? நான் கேண்டீன்ல தின்னுட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போற வழியில இத ரோச்சோர் காவாயில கொட்டிட்டு, தின்னாச்சுன்னு அவகிட்டச் சொல்லிருவேன். பாருங்க, ரெண்டு அடுக்கு நெறைய…

இருங்க.

ரெண்டு அடுக்கு நெறைய.

ஐயய்யோ. இதத்தானேண்ணே காலின்னு மாட்டுனேன். ஸ்பிரிங் என்ன பண்ணும் பாவம், நான் வச்ச எடையில ஒழுங்கா அடிச்சிருக்கு.

மணி என்ன? மூணேகாலா? கண்டக்டரே, அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறேன், காலேஜுக்குத் திரும்பிப் போயி அளவ மாத்தணும். அண்ணே, உங்களுக்குப் பாகற்காய் புடிக்குமா? ஏன் எந்திரிக்கிறீங்க, உங்க ஸ்டாப் இன்னும் வரலயே…

போயிட்டாரு. சரி, காவாயிலயும் கொட்டல. நானே திங்கிறேன். அந்தப் புள்ள அழுததுக்கு எனக்கு வேணும்.