பழைய ரவுட்டரில் அண்ணன் மட்டும்

புது ரவுட்டர் வாங்கினால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். வெளியிலிருந்து இணைப்பு வந்து சேர்வது அந்தப் பழைய ரவுட்டரில்தான். அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்துப் புதியதில் சொருகினால் வீடு முழுக்கக் கிடைக்கும். பழையதின் வைஃபையை மட்டும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே உறையில் இரண்டு கத்தி கதைதான்.

எங்கள் வீட்டில் நான் அதை அணைக்கவில்லை. காரணம், அண்ணன்.

ஐயா, நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து கழுத்து அடிபட்டவர். வலது கை விரல்கள் தவிர எதுவும் அசையாது. குரல் பக்கத்து அறைக்குக்கூட எட்டாது. சளி தொண்டையை அடைத்தால் யாராவது ஓடிப்போய்க் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்காகவே அவர் விரலடியில் ஒரு அழைப்பு மணி வைத்திருந்தோம். அவர் அமுக்கினால் என் போன் அடிக்கும். அண்ணி வேலை செய்யும் இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன். ஆகவே பகலில் அவருக்கு நான்தான்.

அந்த மணி பழைய வைஃபையில் பொருத்தியது. புதியதற்கு மாற்றச் சோம்பல்பட்டு, அதற்காகப் பழையதையும் ஓடவிட்டேன். போன், கம்ப்யூட்டர், டிவி எல்லாம் புதியதற்குக் குடிபோய்விட்டன. பழையதில் அண்ணனின் மணி மட்டும் மிஞ்சியது.

"புதுசு போட்டா இவரோட மணி அடிக்கும்ல தம்பி?" என்று அண்ணி கேட்டார்.

"அதுக்குன்னே பழசை அணைக்காம வச்சிருக்கேன் அண்ணி. கவலையே படாதீங்க."

சொன்னபோது அது உண்மைதான். எனக்குப் பொய் பிடிக்காது.

அண்ணன் என்னைப் படிக்க வைத்தவர். அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனால் படுத்தே கிடப்பவருக்குப் பொழுது போக வேண்டுமே. மூச்சுக்கு முந்நூறு தடவை மணி அடிக்கும். விழுந்தடித்து ஓடினால், "டேய், அந்த ஈ என்னையே மொறைக்குதுடா, வெரட்டு" என்று சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். ஒருநாள் அலுவலகக் கூட்டத்தின் நடுவே அது விடாமல் அடிக்க, மேலதிகாரி, "என்ன, உங்க வீட்ல பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று நான் சிரிக்கவில்லை.

போனை ஊமையாக்கினால் மற்ற அழைப்புகளும் போய்விடும். பழைய வைஃபையை அணைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்ப்யூட்டரில் அணைக்கலாம். கூட்டம் முடியும்வரை அணைத்தேன். முதல் முறை முடிந்ததும் பதறிக்கொண்டுதான் போனேன். அண்ணன் கோபப்படவில்லை. "கூப்பிட்டேன்டா. நீ வேலையா இருப்பேன்னு விட்டுட்டேன்," என்றார். அந்தப் பெருந்தன்மைதான் எனக்குப் பழக்கமாகிப் போனது. ஒருமுறையாவது திட்டியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன்.

அன்றும் அப்படித்தான். கூட்டம் முடிந்து வைஃபையைத் திரும்பப் போட்டேன். அந்த மணிக்கு ஒரு குணம் உண்டு. இணைப்பு இல்லாதபோது அமுக்கியதை எல்லாம் சேர்த்து வைத்து, கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடும். போன் அடிக்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை.

மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "தூக்கத்துலேயே போயிருக்கார், குடுத்து வச்சவர்," என்றார். நான் மறுக்கவில்லை. அண்ணி அழுது ஓய்ந்து அந்த மணியை எடுத்து என் கையில் வைத்தார். "நீயே வச்சுக்கோ தம்பி. அவர் கூப்பிட்டப்பல்லாம் ஓடினது நீதானே," என்றார். அந்த மணியைவிட அந்தச் சொல் கனமாக இருந்தது.

மணியின் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். பழைய ரவுட்டரைப் பிரித்து உள்ளே இருந்த ஏரியல் கம்பியை வெட்டிவிட்டேன். ஆனாலும் நான் சாப்பாட்டில் கை வைத்ததும் மணி அடிக்கிறது. போனை எடுத்துப் பார்த்தால் அந்தப் பழைய வைஃபையின் பெயர் திரையில் இருக்கிறது. "கேக்குதா அண்ணி?" என்றால் அவர் என்னைப் பாவமாகப் பார்க்கிறார். அந்த அறைக் கதவைத் திறக்க எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. சோறு இறங்கவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

மணி நிற்காமல் அடித்தபோது என்ன செய்தாய் என்று கேட்கிறீர்கள். அமுக்கிய நேரம் ஒவ்வொன்றும் திரையில் தெரிந்தது. நிறையப் பழையவை. கடைசியாக வந்தது பழையதல்ல, அந்த நிமிடமே அமுக்கியது. அதாவது அண்ணன் உயிரோடு இருந்தார், கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. பழைய வைஃபையை மறுபடி அணைத்தேன். நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றுதான். சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு போனேன்.

தாமதம் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் போய்த் தொட்டபோது உடம்பில் சூடு அப்படியே இருந்தது.