காய் வெளுக்காமல் காத்த தீ

1954, ஐப்பசி. குரங்கணிக்கு மேலுள்ள ஏலத்தோட்டம். பிற்பகல். மூடுபனி. மேற்கு முகட்டைத் தாண்டித் தட்டான்கள் வந்தன. தாக்கப்பட்ட இடம், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். உள்ளே ஒன்பது பேர். கதவு வெளியிலிருந்து தாழிடப்பட்டிருந்தது. எவரும் பிழைக்கவில்லை.

இவை பதிவு. இனி நான் கண்டவை.

ஓடுகிறோம். சரிவு வழுக்குகிறது. என் மகள் தேன்மொழியின் கை என் கைக்குள். தோட்டத்துப் பள்ளியில் அவள் ஆசிரியை. அவளைப் பார்க்கவே போடியிலிருந்து மேலே வந்திருந்தேன். பின்னால் அந்த ஒலி. பித்தளைக் குடத்தைப் பாறைமேல் இழுக்கும் ஒலி. ஆளுயர உலோகப் பூச்சிகள். தட்டான் என்று பெயரிட்டவர்கள் தோட்டத்து மக்கள். அவற்றை அனுப்பியவர் யார் என்பது இன்றும் தெரியாது. ஒன்று மட்டும் அப்போதே தெரியும். அவை சூட்டைத் தேடி வரும். அடுப்பு. ஜீப்பின் எஞ்சின். கூட்டமாய் ஒளிந்த மனிதர். ஆகவே மலையெங்கும் தீயை அணைத்திருந்தார்கள்.

ஸ்டோரில் அணைக்கவில்லை. உள்ளே பச்சைக்காய் பாதி உலர்ந்து கிடந்தது. பாதியில் சூடு தணிந்தால் காய் நிறம் இழக்கும். நிறம் இழந்த காயை வாங்குவாரில்லை.

"அண்ணே, தீய அணைங்க! தட்டான் வருது!" மேலிருந்து ஒரு குரல்.

கங்காணி வீரணன் கதவருகே நிற்கிறான். வெளித்தாழைப் போடுகிறான். உள்நோக்கிக் கத்துகிறான்.

"ஒரு பயலும் கதவத் தொறக்கக் கூடாது! சூடு போயிரும்! வெரசா வெறகத் தள்ளுங்கடா, காய் வெளுத்துரும்!"

நான் கேட்டேன். தேன்மொழியும் கேட்டாள். கூப்பிடு தூரம்கூட இல்லை. பிறகு அவனும் எங்களோடு ஓடினான்.

தட்டான்கள் அத்தனையும் அந்த ஒரு கட்டடத்தின்மேல் இறங்கின. சரிவில் ஓடிய நாங்கள் தப்பினோம். எரிந்த ஏலக்காயின் மணம் நெடுந்தூரம் வந்தது. அது நல்ல மணம். அதை எழுதாமல் விட்டால் இச்சாட்சியம் முழுமையாகாது.

மறுநாள் காலை. போடிச் சந்தைத் திடல். மலையிலிருந்து இறங்கியவர்கள் அனைவரும் அங்கே இருந்தோம். ஒன்பது பேரில் ஒருவன் காசி. அவனுடைய தாய் ஒச்சம்மாள் வீரணனின் சட்டையைப் பற்றினாள்.

"எம்மகன ஏன்டா பூட்டுன?"

அவன் கூட்டத்தைப் பார்த்தான்.

"தெரிஞ்சுதான் ஆத்தா பூட்டுனேன். அவுக உள்ள இருந்ததாலதான் இத்தன சனம் உசுரோட நிக்கிது."

அவள் பிடி தளர்ந்தது. சற்று நேரத்தில் அவன் காலடியில் அமர்ந்தாள். தட்டான்களை எதிர்க்கும் கனல்படை அங்கே பிறந்தது. கங்காணி தலைவரானார்.

படையின் முதல் விதி இது. தாக்குதல் வரும்போது ஒரு ஸ்டோரில் தீ மூட்ட வேண்டும். குலுக்கலில் சீட்டு விழுந்தவர் உள்ளே இருந்து விறகு தள்ள வேண்டும். கதவு வெளியே தாழிடப்படும். தட்டான்கள் மொய்க்கையில் படையினர் பின்னாலிருந்து கோடரியோடு பாய்வார்கள். படை வென்றது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெற்றிக்குத் தீ போதும். பெருங்கட்டைகளை அடுக்கினால் அடுப்பு தானே எரியும். ஆள் வேண்டியதில்லை. இதைச் சொன்னவர்களைப் புளிய விளாரால் அடித்தார்கள்.

1957, தை. சீட்டு தேன்மொழிக்கு விழுந்தது.

தலைவரிடம் தனியே போனேன். அவர் கோடரி தீட்டிக்கொண்டிருந்தார். அன்று அவர் கத்தியதை அவருக்கே சொன்னேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"காய்க்காகத்தான் கத்துனேன், வாத்தியாரய்யா. இல்லங்கல. ஆளில்லாத அடுப்பே போதும்னு இன்னைக்கு ஒத்துக்கிட்டா, அந்த ஒம்பது பேரு என்னத்துக்குச் செத்தாகன்னு கேப்பாக. ஒங்ககிட்ட பதிலு இருக்கா? எங்கிட்ட ஒண்ணு இருக்கு. அதக் காப்பாத்த இன்னும் ஆளு வேணும்."

அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தேன். ஒரு நிறுவனரின் நோக்கத்தை இத்தனை தெளிவாக எந்த நூலிலும் படித்ததில்லை.

படையின் சபையில் எழுந்தேன். அனைத்தையும் சொன்னேன்.

"பாடம் நடத்த வந்துட்டாரு. எந்திரிச்சு நில்லுங்கடா!" ஒருவன் கத்தினான். சிரித்தார்கள்.

ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. முன்னால் வந்து தேன்மொழியிடம் கேட்டாள்.

"எம்மகன் ஏலக்காய்க்காகவா செத்தான்? சொல்லு தாயி. நீயும் அங்கனதான இருந்த? ஒன் காதுல என்ன விழுந்துச்சு?"

ஒரு சொல் போதும். இரண்டு பேர் சாட்சி சொன்னால் விசாரணை உண்டு. சீட்டு நிற்கும். தேன்மொழி என்னைப் பார்க்கவில்லை. ஒச்சம்மாளையே பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலத்தா."

தலைவர் தலைகுனிந்திருந்தார்.

மறுநாள் பிற்பகல். பனி. அவள் உள்ளே போகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறாள். இரண்டு பேர் என்னைப் பிடித்திருக்கிறார்கள். தாழ் விழும் ஓசை. விறகு வெடிக்கும் ஓசை. பித்தளை ஓசை. பிறகு கோடரிகள். கூச்சல் எதுவும் உள்ளிருந்து வரவில்லை. வந்திருந்தால் எழுதியிருப்பேன்.

ஒச்சம்மாள் இப்போது வாரந்தோறும் என் வீட்டுக்கு வருகிறாள். கம்பங்கூழ் கொண்டு வருகிறாள். நான் குடிக்கும்வரை எதிரே இருப்பாள். போகும்போது ஒரே கேள்வி.

"நம்ம புள்ளைக சும்மா சாகல. என்னண்ணே?"

இழப்பு. முதல் தீயில் ஒன்பது பேர். சீட்டு விழுந்து ஏழு பேர். ஏழாவது தேன்மொழி. வயது இருபத்திமூன்று.

செய்யாமல் எஞ்சியவை:

ஆளில்லாத ஸ்டோரில் தீ மூட்டிப் பார்க்க வேண்டும். இன்னும் அனுமதியில்லை.

ஸ்டோர் வாசலில் தலைவரின் பெயர் மட்டும் இருக்கிறது. இறந்தவர்களின் பெயர்களைப் பொறிக்க வேண்டும்.

செருப்பு அங்கேயே கிடக்கிறது. எடுத்து வர வேண்டும்.

ஒச்சம்மாளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.